முழு டிரையத்லானா, டுவாத்லானா, நீச்சல் மட்டுமா? செட்டிநாட்டுக் கோடையில் எதில் சேர்வது?

பங்குனி பாதி கழிந்தாலே என் போன் ஓயாது. காரைக்குடியில் நாங்கள் சில பேர் சேர்ந்து நடத்தும் சின்ன டிரையத்லான் கழகத்தில், கோடைப் பருவத்துக்குப் பெயர் பதியும் வேலை என்னுடையது. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் அம்மா கேட்பார்: "அண்ணே, பாப்பாவுக்கு நீச்சல் தெரியாது, சைக்கிள் நல்லா ஓட்டும். எதுல போடட்டும்?" வங்கியில் வேலை பார்க்கும் நாற்பது வயதுக்காரர் கேட்பார்: "டாக்டர் எடையக் குறைக்கச் சொல்லிட்டாரு. நேரா முழு டிரையத்லானே சேந்துடவா?" பிளஸ் ஒன் முடித்த பையன் கேட்பான்: "கவர்மென்ட் சைக்கிள்லயே ஓட்டலாமா சார்?"

மூவருக்கும் போனில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிப்பதில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, எதை வைத்து முடிவெடுப்பது, எந்த வழியில் எவ்வளவு செலவு, யாருக்கு எது பொருந்தும் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

புதியவர்களுக்கு முதலில் தூரக் கணக்கு. டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம், இந்த வரிசையிலேயே, நடுவில் கடிகாரம் நிற்காமல். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட தூரம் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். அதில் சரிபாதி ஸ்பிரிண்ட்: 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. அதிலும் ஏறக்குறையப் பாதி சூப்பர் ஸ்பிரிண்ட். எங்கள் கோடைப் பருவத்தின் கடைசி ஞாயிறு நடப்பது அதையும் சற்றுக் குறைத்த ஒன்று: குளத்தில் 300 மீட்டர், ரோட்டில் 8 கி.மீ., தெருவில் 2 கி.மீ. செய்தித்தாளில் பார்க்கும் 'அயர்ன்மேன்' என்ற மிக நீண்ட தூர டிரையத்லான் படங்களோடு இதை ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். 300 மீட்டர்தானே என்று இளக்காரமாகவும் நினைக்க வேண்டாம்.

## முதலில் பார்க்க வேண்டியவை

தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதை வைக்கிறேன். எங்கே நீந்தப் போகிறீர்கள், ஆழம் என்ன, கரையில் யார் நிற்கிறார்கள்? டிரையத்லான் போட்டிகளில் நேரும் மரணங்களில் பெரும்பகுதி நீச்சல் பகுதியில்தான் நேர்கிறது. சைக்கிளில் மூச்சு வாங்கினால் இறங்கி நிற்கலாம், ஓட்டத்தில் நடக்கலாம். தண்ணீரில் அந்த வசதி கிடையாது. செட்டிநாட்டிலோ சித்திரை, வைகாசியில் கண்மாய்கள் வற்றிக் கிடக்கும். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்க ஊர் விடாது, விடவும் கூடாது. மிச்சம் கிணறும் நீச்சல் குளமும்தான்.

வெயில். கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும், நம் பருவத்தின் நடு மார்பில். உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்துப் பதினான்கு நாள் ஆகும் என்பது விளையாட்டு மருத்துவம் ஒப்புக்கொண்ட கணக்கு. ஏப்ரலில் தொடங்கியவர் மே மாதத்தைத் தாங்குவார். மே பத்தாம் தேதி புதிதாக வந்து முதல் நாளே 5 கி.மீ. ஓடுபவர் விழுந்துவிடுவார். எந்த வழியைத் தேர்ந்தாலும் காலை ஏழரைக்குள் முடிகிறதா என்று கேளுங்கள்.

உண்மையான செலவு. கட்டணம் கண்ணுக்குத் தெரியும். பெட்ரோல், பஞ்சர், ஷூ, கூடுதல் சாப்பாடு தெரியாது. பல வீடுகளில் கட்டணத்தைவிட இவைதான் அதிகமாகின்றன.

உடம்பு. வளரும் பிள்ளையின் முழங்காலும் நாற்பது தாண்டியவரின் நெஞ்சும் வெவ்வேறு கவனிப்பைக் கேட்பவை.

வீட்டின் நாட்காட்டி. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மே மாதம் நமக்குக் கல்யாண மாதம். சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் சொந்தங்கள் வந்து பூட்டிக் கிடந்த வளவைத் திறப்பார்கள். நான்கு நாள் விருந்து, இரண்டு நாள் கோயில். எட்டு வாரப் பயிற்சியில் இரண்டு வாரம் போய்விட்டால் அது ஆறு வாரப் பயிற்சிதான்.

## ஒரு பார்வையில்

| வழி | யாருக்கு | தண்ணீர் | வாரத்துக்கு | கட்டணம் (எங்கள் கழகத்தில்) | கட்டணத்துக்கு மேல் |
|---|---|---|---|---|---|
| முழுப் பருவம் | நிற்காமல் 100 மீட்டராவது நீந்துபவர் | குளம், கோச் உண்டு | 6 நாள் | ரூ. 4,000 | ஏறக்குறைய இன்னொரு மடங்கு |
| டுவாத்லான் (ஓட்டம்-சைக்கிள்-ஓட்டம்) | குளத்துக்குத் தூரமான ஊர்க்காரர், நீச்சல் தெரியாத பெரியவர் | இல்லை | 4 நாள் | ரூ. 1,500 | ஷூ, பஞ்சர் |
| நீச்சல் மட்டும், பிறகு ஓட்டம் | முதல் கோடைக்கு வரும் எவரும் | குளம், கோச் உண்டு | 5 நாள் | ரூ. 2,500 | பெட்ரோல், நீச்சல் உடை |
| சொந்தமாக | ஏற்கெனவே நீந்துபவர், துணைக்கு ஆள் உள்ளவர் | கிணறு | இஷ்டம் | இல்லை | கீழே படியுங்கள் |
| வெளியூர் முகாம் | மாவட்ட அளவில் ஏற்கெனவே நீந்துகிற பிள்ளைகள் | பெரிய குளம் | தினமும் | முகாமைப் பொறுத்தது | பயணம், தங்கல், தனிமை |

## முழுப் பருவம்

ஏப்ரல் நடுவில் தொடங்கி, பள்ளி திறந்ததும் வரும் முதல் ஞாயிறு வரை எட்டு வாரம். மூன்று நாள் நீச்சல், இரண்டு நாள் சைக்கிள், ஒரு நாள் ஓட்டம். சைக்கிள் முடிந்த கையோடு பத்து நிமிடம் ஓடவும் வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் தொடை இரண்டும் மரக்கட்டையாக இருக்கும். அதில் ஓடிப் பழகுவதற்கென்றே அந்தப் பத்து நிமிடம்.

இதன் பெரிய பலம், மூன்றையும் கோத்துக் கற்றுத்தருவதுதான். தனித்தனியாக மூன்றும் தெரிந்தவர்கள்கூட முதல் தடவை டிரான்சிஷனில், அதாவது ஒன்றை முடித்து அடுத்ததற்கு மாறும் இடத்தில், தடுமாறுவார்கள். எங்கள் மைதானத்தில் இரண்டு பக்கமும் முக்காலி கட்டி, நடுவில் ஒரு நீளச் சவுக்குக் கம்பைப் போட்டிருக்கிறோம். சைக்கிள்களை சீட்டால் அதில் தொங்கவிட வேண்டும். போன வருஷம் பிளஸ் ஒன் பையன் ஒருவன் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடிவந்து, சைக்கிளை உருவிக்கொண்டு நாலடி ஓடிவிட்டான். ஹெல்மெட் கம்படியில் கிடந்தது. ஹெல்மெட்டை மாட்டி வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம் என்பது இந்த விளையாட்டின் மாறாத விதி. திருப்பி அனுப்பினோம். அதற்குள் ஈரக்கால் முழுக்கச் செம்மண் அப்பிவிட்டது. அப்படியே ஷூவுக்குள் காலை விட்டான். எட்டாவது கிலோமீட்டரில் கழற்றிப் பார்த்தால் குதிகாலில் தோல் வழன்றிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சைக்கிளுக்குக் கீழேயும் ஒரு மக் தண்ணீர், ஒரு பழைய துண்டு. நம் மண்ணில் இந்த விளையாட்டை ஆடினால் நாமாகக் கண்டுபிடிக்க வேண்டிய சங்கதிகள் இப்படிப் பல.

இனி மறைவான செலவு. முதலாவது, பஞ்சர். ரோட்டோரம் முழுக்கச் சீமைக் கருவேலம். காற்றடித்த மறுநாள் முள் தார் ரோட்டில் கிடக்கும். மெல்லிய டயர் போட்ட சைக்கிள் என்றால் வாரத்துக்கு ஒரு பஞ்சர் சாதாரணம். பஞ்சர் ஒட்டத் தெரியாத பிள்ளையைக் குன்றக்குடி ரோட்டில் தனியே விடாதீர்கள். இரண்டாவது, குளத்துக்குப் போய்வரும் பெட்ரோல். பிள்ளையைக் கொண்டுவிட ஒரு பெரியவர் தினமும் நாலரைக்கு எழ வேண்டும். அந்தப் பெரியவரின் தூக்கமும் செலவுக் கணக்கில்தான் வரும். மூன்றாவது, சாப்பாடு. பதினைந்து வயதுப் பையன் ஒன்றரை மணி நேரம் பயிற்சி முடித்து வந்தால் நான்கு இட்லிக்கு எட்டு இட்லி கேட்பான். கேட்க வேண்டும். கேட்காவிட்டால்தான் எங்களிடம் சொல்லுங்கள்.

நான்காவது, சைக்கிள். இதில் நானே அடிபட்டவன். முதல் வருஷம் ஆசைப்பட்டு ஒரு பழைய ரேஸ் சைக்கிளை 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். என் உயரத்துக்கு அது பெரிய பிரேம். விற்றவரும் சொல்லவில்லை, எனக்கும் பார்க்கத் தெரியவில்லை. ஆறு வாரத்தில் முழங்காலும் கழுத்தும் போய், பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். ஆகவே சொல்கிறேன், முதல் பருவத்துக்குப் புது சைக்கிள் வேண்டாம். பிளஸ் ஒன்னில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி கனமானதுதான், கியர் இல்லைதான். ஆனால் நம் ரோடு மேடு பள்ளம் அதிகமில்லாத ரோடு, 8 கி.மீ.-க்கு அது தாராளம். இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, ஹேண்டில் பார் முனை இரண்டும் அடைப்போடு இருக்கிறதா, சீட் உயரம் சரியா என்று பாருங்கள். பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கி இருந்தால் சீட் சரி. பெரும்பாலான பிள்ளைகள் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலி என்பார்கள். பணம் செலவழிக்க வேண்டியது ஹெல்மெட்டுக்கு.

முழுப் பருவம் யாருக்கு? முதல் நாளிலேயே நிற்காமல் நூறு மீட்டர் நீந்த முடிகிற பிள்ளைக்கு. ஏற்கெனவே வாரத்தில் மூன்று நாள் நடையோ ஓட்டமோ இருக்கிற பெரியவருக்கு. மே மாதம் ஊரிலேயே இருக்கப்போகும் வீட்டுக்கு. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் அடுத்த இரண்டு வழிகளையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

## டுவாத்லான்: தண்ணீர் இல்லாத வழி

முதலில் 2 கி.மீ. ஓட்டம், பிறகு 8 கி.மீ. சைக்கிள், மறுபடி 1 கி.மீ. ஓட்டம். குளம் வேண்டாம், நீச்சல் உடை வேண்டாம், கோச் தினமும் பக்கத்தில் நிற்க வேண்டாம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம் பக்கத்திலிருந்து தினமும் காரைக்குடி வர முடியாதவர்களுக்கு இதுதான் நடைமுறை. அந்த ஊர்த் தெருக்களைப் போல ஓடப் பழக வேறெங்கும் இடம் கிடைப்பது அரிது. நேர்கோட்டில் அகலத் தெரு, விடியற்காலையில் வண்டியே இராது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நிற்கும் வீட்டைச் சுற்றினாலே கணிசமான தூரம் வந்துவிடும். வழிதவறவும் வாய்ப்பில்லை, தாகமெடுத்தால் வீடும் பக்கம்.

பெரியவர்களில் பாதிப் பேர் இதைத்தான் விரும்புவார்கள். காரணம் உண்டு. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழநிக்கு நடந்து போகிற ஊர் இது. கால் பலத்துக்கு இங்கே குறைவில்லை. எட்டு, பத்து முறை நடந்தவர்கள் "எனக்கு ஓட்டம்லாம் ஒரு விஷயமா?" என்று வருவார்கள். நடையின் தாங்குதிறன் உண்மையில் பெரிய சொத்து. ஆனால் ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்கும். நடந்த கால்தானே என்று முதல் வாரமே ஓடினால் கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பு வலிக்கத் தொடங்கும். முதல் இரண்டு வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள்தான் மூன்றாம் வாரம் ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

டுவாத்லானின் மறைவான செலவு ஷூவும் வெயிலும். நீச்சல் நாட்களில் உடம்பு குளிரும், மூட்டு ஓய்வெடுக்கும். இதில் எல்லா நாளும் ரோட்டில்தான். கடையில் பத்து வருஷமாகப் போட்டு நடக்கும் ஷூவில் ஓட முடியாது. புது ஓட்டக் காலணிக்கு எப்படியும் இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி: பதினொன்றிலிருந்து பதினைந்து வயதுக்குள் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு துருத்தி வலித்தால், அது வளர்ச்சித் தட்டில் விழும் இழுவை. தைலம் தேய்த்து ஓட வைக்காதீர்கள். ஓட்டத்தைக் குறைத்து, டாக்டரிடம் காட்டி, நீச்சலுக்கு மாற்றுங்கள்.

ஒரு குறை மட்டும் என் மனதில் நிற்கிறது. டுவாத்லானில் சேர்ந்த பெரியவர்களில் பலர் அடுத்த கோடையிலும் டுவாத்லானிலேயே சேர்கிறார்கள். தண்ணீர்ப் பயத்துக்கு அது ஒளிவிடமாகிவிடுகிறது. உங்கள் ஊரிலிருந்து குளம் தூரம் என்றால் சரி. பயம்தான் காரணம் என்றால், அடுத்த பகுதியைப் படியுங்கள்.

## முதலில் நீச்சல், பிறகு மற்றவை

முதல் கோடைக்கு வரும் பத்துப் பேரில் ஏழு பேருக்கு நான் சொல்வது இதுதான். முதல் நான்கு வாரம் வாரத்தில் ஐந்து நாள் குளம் மட்டும். அடுத்த நான்கு வாரம் மூன்று நாள் குளம், இரண்டு நாள் ஓட்டம். கடைசி ஞாயிறு 200 மீட்டர் நீந்தி 2 கி.மீ. ஓடுவது. அதற்கு அக்வாத்லான் என்று பெயர். சைக்கிள் அடுத்த வருஷம். அதற்குள் ஓடிப்போகாது.

பழநிக்கு ஆறு முறை நடந்த ஒருவர் போன வருஷம் வந்தார். வயது நாற்பத்து மூன்று. இடுப்பளவுத் தண்ணீரில் குளத்தின் விளிம்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொன்னால் வைப்பார், மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு வெடித்தாற்போல் எழுவார். எல்லாருமே செய்யும் தவறு அது. நீச்சல் தெரியாதவர்கள் மூச்சை உள்ளே இழுப்பதைப் பற்றியே கவலைப்படுவார்கள். தண்ணீருக்குள் மூச்சை விடுவதுதான் பாடம். விட்டால்தான் மேலே வந்ததும் இழுக்க இடமிருக்கும். ஒன்பது நாள் அவருக்கு வேறெதுவும் சொல்லித்தரவில்லை. கம்பியைப் பிடித்தபடி முகத்தை வைத்து, வாயாலும் மூக்காலும் குமிழி விட வேண்டும், அவ்வளவுதான். பத்தாவது நாள் ஒரு கையை எடுத்தார். பன்னிரண்டாம் நாள் அந்தக் கம்பியையே விட்டுவிட்டு மல்லாந்து மிதந்தார். காதில் தண்ணீர் ஏறியபடியே கூரையைப் பார்த்துச் சிரித்த முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பருவ முடிவில் 75 மீட்டர்தான் நீந்தினார். அது போதும், அடுத்த கோடைக்கு அவருக்குக் கதவு திறந்துவிட்டது.

பிள்ளைகள் இதைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். மூன்றே வாரத்தில் 50 மீட்டர் போகும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சேர்வதற்கு முன் குளத்தை நேரில் போய்ப் பாருங்கள். நம் பக்கத்துப் பாரம்பரிய விடுதிகளில் உள்ள குளங்கள் குளிக்க நன்றாக இருக்கும். ஆனால் பல பன்னிரண்டு, பதினைந்து மீட்டருக்கு மேல் நீளம் இல்லை. நாலு கை வீசினால் சுவர் வந்துவிடும். பழகுவதற்கு அது போதும். தூரம் கூட்ட 25 மீட்டர் வேண்டும். மே மாதத்தில் கோடை முகாம் கூட்டத்தில் ஒரு கோச்சுக்கு இருபது பிள்ளைகள் என்று நிற்பார்கள். தொடக்கநிலைக்கு ஒருவருக்கு ஆறு, ஏழு பேருக்கு மேல் இருந்தால் நான் என் பிள்ளையை விட மாட்டேன். தரை தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். குளத்தின் அடி தெரியாத கலங்கல் தண்ணீரில் ஒரு பிள்ளை மூழ்கினாலும் கரையிலிருந்து தெரியாது.

பெண் பிள்ளைகளின் வீட்டார் கேட்கத் தயங்கும் கேள்விகளை நானே சொல்லிவிடுகிறேன். முழுக்கையும் முழங்கால் வரையும் மூடும் நீச்சல் உடை கடைகளில் கிடைக்கிறது, எங்கள் பயிற்சியிலும் போட்டியிலும் அது செல்லும். பருத்தி டி-ஷர்ட்டும் சுடிதாரும் மட்டும் வேண்டாம், நனைந்தால் கனத்து இழுக்கும். பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை உண்டா, பெண் கோச் அல்லது பெண் பொறுப்பாளர் அந்த நேரம் முழுக்க இருப்பாரா என்று தெளிவாகக் கேளுங்கள். மாதவிலக்கு நாட்களில் வர முடியாவிட்டால் அந்த நாட்களை ஈடுகட்டித் தருகிறார்களா என்றும் கேளுங்கள். எங்களிடம் பெண்கள் நேரத்தில் சேர்ந்த அம்மாக்களில் சிலர் பிள்ளையைக் கொண்டுவிட வந்து, இரண்டாம் வாரம் தாங்களும் இறங்கியவர்கள்.

மறைவான செலவு என்று பார்த்தால் பெட்ரோலும் நீச்சல் கண்ணாடியும்தான். கண்ணாடியில் கஞ்சத்தனம் வேண்டாம், தண்ணீர் கசிந்தால் பிள்ளை கண்ணைத் திறக்காது, கண்ணைத் திறக்காவிட்டால் நேராகப் போகாது.

## சொந்தமாகப் பழகுவது

"நாங்கள்லாம் கிணத்துல சுரைக் குடுக்கையைக் கட்டிக்கிட்டுக் குதிச்சுத்தான் கத்துக்கிட்டோம், காசு குடுத்தா கத்துக்கிட்டோம்?" ஒவ்வொரு கோடையிலும் ஓர் அப்பச்சியாவது இதைச் சொல்வார். உண்மைதான், அந்தத் தலைமுறை அப்படித்தான் கற்றது. ஆனால் அன்று கிணற்று மேட்டில் நாலு பெரியவர்கள் இருந்தார்கள். கமலை இறைத்தவரும், துணி துவைத்தவரும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவரும் அங்கேயே இருந்தார்கள். கிணற்றடி ஆள் புழங்கும் இடமாக இருந்தது. இன்று மோட்டார் சுவிட்ச் வீட்டில் இருக்கிறது. கிணற்றடியில் ஒருவரும் இல்லை. படிகள் பாசி பிடித்து வழுக்கும், சில கிணறுகளில் படியே பாதி இடிந்துவிட்டது. கிணற்றில் ஆழம் குறைந்த ஓரம் என்று ஒன்று கிடையாது. களைத்தால் நிற்க இடமில்லை.

கண்மாய் அதைவிட ஏமாற்றும். வற்றிய கண்மாயில் மண் அள்ளிய பள்ளங்கள் இருக்கும். கோடை மழை ஒன்று பெய்தால் பள்ளமும் மேடும் ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்த பையன் அடுத்த அடியில் பத்தடிக்குள் போய்விடுவான். அடியில் சேறு. மூழ்குகிறவர் படத்தில் வருவதுபோலக் கத்திக் கை ஆட்டுவதில்லை. பெரும்பாலும் சத்தமே இல்லாமல் போய்விடும். பக்கத்தில் நிற்பவன் விளையாடுகிறான் என்றே நினைப்பான். காப்பாற்றக் குதிக்கும் அண்ணனும் சேர்ந்து போன செய்தியை நாம் ஒவ்வொரு மே மாதமும் படிக்கிறோம். குதிக்காதீர்கள். வேட்டி, சேலை, கயிறு, மூங்கில், காலிக் கேன், எது கையில் இருக்கிறதோ அதை எறியுங்கள், நீட்டுங்கள்.

1994-இல் பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையை நீந்திய குற்றாலீஸ்வரனைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். நம் தொண்டிக் கடற்கரையிலேயே பிள்ளையை இறக்கலாமே என்பார்கள். அந்தச் சிறுவன் முறையான பயிற்சியில் வளர்ந்தவன், கடலில் கூடவே படகும் ஆட்களும் போனார்கள். அதைச் சொல்லாமல் பாதியை மட்டும் சொல்லக் கூடாது.

அதற்காகச் சொந்தப் பயிற்சியே தப்பு என்று சொல்லவில்லை. ஓட்டமும் சைக்கிளும் சொந்தமாகத் தாராளமாகப் பழகலாம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போய்த் திரும்பினால் சுமார் 20 கி.மீ., ஸ்பிரிண்ட் போட்டியின் சைக்கிள் தூரம் சரியாக வந்துவிடும். இரண்டு பேராகப் போங்கள், பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும், விடிந்த பிறகு கிளம்புங்கள். இருட்டில் டிப்பர் லாரிகளோடு போட்டி வேண்டாம். தெரு நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள். ஏற்கெனவே நீந்துகிற பெரியவருக்கு, கையில் கயிற்றோடு கரையில் ஒருவர் நின்றால், படி நன்றாக உள்ள கிணறும் பயன்படும். நீந்தத் தெரியாதவருக்கு இந்த வழி இல்லவே இல்லை. பணம் மிச்சம் என்று இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பணம்தான் தடை என்றால் எங்களிடம் சொல்லுங்கள், கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

## வெளியூர் முகாம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் திருச்சி அண்ணா விளையாட்டரங்கிலும் அரசின் நீச்சல் குளங்கள் உண்டு, சென்னை வேளச்சேரியில் 50 மீட்டர் குளமே உண்டு. மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கி.மீ., தினமும் போய்வரும் தூரமில்லை. தங்க வேண்டும். மாமா, அத்தை வீடு அங்கே இருந்தால் இது நல்ல வழி. பிள்ளைக்கு வசதியான குளமும் வேகமான சகாக்களும் கிடைப்பார்கள். தனியார் தங்கும் முகாமில் சேர்த்தால் பணம் பல மடங்கு. முதல் வாரம் வீட்டு ஏக்கத்திலேயே போகும். ஜூனில் ஊர் திரும்பிய பிறகு தொடர இங்கே என்ன இருக்கிறது என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். மாவட்ட அளவில் ஏற்கெனவே நீந்துகிற பிள்ளைக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

## எதில் சேர்ந்தாலும் இவை வேண்டும்

நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள், டாக்டரைப் பார்த்துவிட்டே வாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் காலைப் பயிற்சி செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள், சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும், கோச்சிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குடிக்க விலை உயர்ந்த பாட்டில் பானம் வேண்டாம். நன்கு உப்பிட்ட நீர்மோர், இளநீர், நீராகாரம் எல்லாம் நமக்குக் கைவந்தவை. வீட்டிலேயே கரைப்பதென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது. பயிற்சியின்போது ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது வெறும் களைப்பில்லை. நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். குளிர்விப்பதை முதலில் செய்யுங்கள், ஆம்புலன்சுக்காகக் காத்திருக்காதீர்கள்.

## நடுவில் மாற்றிக்கொள்ளலாம்

எங்கள் கழகத்தில் நான்காம் வார ஞாயிறு, குளத்தில் பழகும் எல்லாருக்கும் 200 மீட்டர் நீச்சல் வைக்கிறோம். நேரம் பார்ப்பதில்லை. எந்த நீச்சலாகவும் இருக்கலாம், மல்லாந்து நீந்தினாலும் சரி, சுவரைப் பிடித்து நிற்கக் கூடாது, அவ்வளவே. முழுப் பருவத்தில் சேர்ந்து இதை முடிக்க முடியாதவர் அக்வாத்லானுக்கோ டுவாத்லானுக்கோ மாறிக்கொள்ளலாம், மிச்சக் கட்டணம் திரும்பும். நீச்சலில் மட்டும் சேர்ந்து இதை எளிதாக முடித்தவர் முழுப் பருவத்துக்கு ஏறலாம். வேறு எங்கே சேர்ந்தாலும் இப்படி ஒரு சோதனையும் மாறும் வசதியும் உண்டா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

போன வருஷம் அந்தச் சோதனையில் முழுப் பருவத்திலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். அதில் ஒருத்தி பதினான்கு வயதுப் பெண், அழுதுகொண்டே போனாள். அவள் அம்மாதான் இந்த மார்ச் கடைசியில் முதல் ஆளாகக் கூப்பிட்டவர். "அண்ணே, மார்கழி முழுக்கப் பச்சைத் தண்ணில குமிழி விட்டுப் பழகினா. இந்தத் தடவை முழுசுல போடுங்க" என்றார். போட்டிருக்கிறேன். அவளுக்கும் நான்காம் வாரம் அதே 200 மீட்டர் உண்டு.